யார் பொருட்படுத்தவில்லை?

'காயத்தையும் பொருட்படுத்தாமல் ஆடினார்.' தமிழ் விளையாட்டுச் செய்திகளில் இதைவிடப் பழகிய தொடர் உண்டா என்பது ஐயமே. மொழியியல் பயில்வோர் இதனை ஒருமுறை பகுத்துப் பார்க்க வேண்டும். 'பொருட்படுத்தாமல்' என்னும் எதிர்மறை வினையெச்சம், 'ஆடினார்' என்னும் வினைமுற்றின் எழுவாயையே தன் எழுவாயாகவும் கொள்கிறது. ஆகவே, காயத்தைப் பொருட்படுத்தாதவர் ஆட்டக்காரர் ஒருவரே. அணித்தலைவர், மருத்துவர், தேர்வாளர், வாரியம் ஆகிய எவருக்கும் அத்தொடரில் இடமில்லை. அவர்களுடைய பொறுப்பை இலக்கணமே தள்ளுபடி செய்துவிடுகிறது. இந்தத் தள்ளுபடி அநீதியானது என்பதே என் வாதம்.

ஹனுமா விஹாரியை எடுத்துக்கொள்வோம். 2021 ஜனவரி 11, சிட்னி. தொடைத்தசையில் காயத்துடன் 161 பந்துகளைச் சந்தித்து, 23 ஓட்டங்களோடு ஆட்டமிழக்காமல் நின்றார். மறுமுனையில் முதுகுவலியோடு அஸ்வின். டெஸ்ட் சமனில் முடிந்தது, நாடு கொண்டாடியது. அவர் அடுத்த டெஸ்டில் ஆடியது 2022 ஜனவரியில்தான்.

2023, இந்தூர். மத்தியப் பிரதேசத்துக்கு எதிரான ரஞ்சிக் காலிறுதியில் ஆவேஷ் கான் வீசிய பந்து பட்டு அவருடைய இடக்கை எலும்பு முறிந்தது. வலக்கை ஆட்டக்காரரான அவர் கடைசியாளாக மீண்டும் களமிறங்கி, இடக்கை ஆட்டக்காரரைப் போல நின்று மட்டையைச் சுழற்றினார். இரண்டாம் இன்னிங்ஸிலும் அவ்வாறே ஆடினார். ஆந்திரம் தோற்றது. ஆயினும் அந்தக் காணொலியைப் பகிராதவர் குறைவு.

2024 பிப்ரவரி 26. அதே இந்தூர், அதே எதிரணி, மீண்டும் காலிறுதி. ஆந்திரம் 4 ஓட்டங்களில் தோற்றது. அன்று விஹாரி பொதுவெளியில் எழுதினார். அரசியல்வாதி ஒருவரின் மகனான சக வீரரைக் கடிந்துகொண்டதால், தலைமைப் பொறுப்பைத் துறக்குமாறு தம்மை மாநிலச் சங்கம் பணித்தது என்றும், தன்மதிப்பை இழந்த அந்த அணிக்கு இனி ஆடப்போவதில்லை என்றும் அவர் கூறினார். அவர் அந்த வீரரைத் தகாத முறையில் பேசியதாகப் புகார் வந்தது என்பது சங்கத்தின் தரப்பு. எது மெய் என்று தீர்ப்பளிப்பது என் வேலையன்று. நான் சுட்டுவது சொற்களின் மாற்றத்தை. முறிந்த எலும்போடு வாய்மூடி ஆடுகிறவருக்கு 'வீரம்', 'தியாகம்', 'அர்ப்பணிப்பு' என்னும் பெயர்ச்சொற்களை வழங்குகிறோம். அவரே வாய் திறந்தால் 'சர்ச்சையில் சிக்கினார்' என்கிறோம். உடலின் வலி அறமாகிறது. அவ்வலியைச் சுமந்தவரின் சொல் ஒழுங்கீனமாகிறது.

வித்துராவிலிருந்து எழுதும் நான் இம்மாவட்டத்துக்காரரான சஞ்சு சாம்சனை விட்டுவிட இயலாது. பயிற்சி முகாமுக்கு வரவில்லை என்று காரணம் கூறி, 2024-25 விஜய் ஹசாரே கோப்பைக்கான அணியில் கேரளச் சங்கம் அவரைச் சேர்க்கவில்லை. அவ்விவகாரம் ஓயுமுன்பே, 2025 பிப்ரவரி 2 அன்று மும்பையில் ஆர்ச்சரின் பந்து அவர் விரலைப் பதம்பார்த்தது. அவர் தொடர்ந்து மட்டை பிடித்தார். பின்னர் விக்கெட்டுக்குப் பின்னால் நின்றவர் துருவ் ஜுரேல். சாம்சனின் விரலில் எலும்பு முறிந்திருந்தது. முகாமுக்கு வராதது ஒழுக்கக் கேடு என்று கணக்கு வைத்துக்கொள்ளும் அமைப்புகள், முறிந்த விரலோடு ஆடிய பந்துகளை எந்தப் பேரேட்டில் எழுதுகின்றன?

'அவர்களாகவே விரும்பித்தானே ஆடுகிறார்கள்' என்ற மறுப்பு எழும். 2002இல் ஆன்டிகுவாவில் உடைந்த தாடையைக் கட்டிக்கொண்டு 14 ஓவர்கள் வீசி லாராவை வீழ்த்திய கும்ப்ளேயின் பெயரும் உடன் வரும். கும்ப்ளேயின் மனத்திண்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் புகழின் உச்சியில் இருந்தவரின் விருப்பத்தை, அடுத்த ஆட்டத்தில் இடம் கிடைக்குமா என்று அஞ்சுபவரின் விருப்பத்தோடு ஒன்றாக்குவது பிழை. 2021இல் வாரியம் அறிவித்த ஊதிய முறைப்படி, 40க்கு மேற்பட்ட ஆட்டங்களில் ஆடிய மூத்த உள்நாட்டு வீரருக்கு ஆட்ட நாளொன்றுக்கு 60,000 ரூபாய். 20 ஆட்டங்கள் வரை ஆடியவருக்கு 40,000. ஆடும் பதினொருவரில் இடம்பெறாத மாற்று வீரருக்கு அதில் பாதி. தசைவலியை மறைத்தால் முழு ஊதியம், சொன்னால் பாதி, அணியை விட்டே விலக நேர்ந்தால் அதுவும் இல்லை. இந்த ஏற்பாட்டுக்குள் பிறக்கும் 'விருப்பத்தை' விருப்பம் என்றழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

முறையிடுவதற்கும் இடமில்லை. 2019இல் உருவான இந்தியக் கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வுபெற்றோருக்கானது. இன்று களத்தில் நிற்பவருக்குச் சங்கம் கிடையாது. 2017இல் ஆஸ்திரேலிய வீரர்கள் ஊதியத் தகராறில் வாரியத்தை எதிர்த்து நிற்க முடிந்தது, அவர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்ததால்தான்.

சங்க இலக்கியத்தின் விழுப்புண் மரபை நினைவூட்டுவோரும் உண்டு. வெண்ணிப் போரில் புறப்புண் பட்ட சேரமான் வடக்கிருந்து உயிர்விட்டான் என்பதைப் பள்ளியிலேயே படித்தோம். அவன் மன்னன், அந்தப் போர் அவனுடையது. ஒளிபரப்பு உரிமைகளை ஆயிரக்கணக்கான கோடிகளுக்கு விற்கும் வாரியத்தின் போட்டியில் நாட்கூலிக்கு ஆடுபவர் மீது அம்மரபை ஏற்றுவது, மரபுக்கும் இழுக்கு.

மாற்றம் இயலாததன்று. 2025 ஜூலையில் மான்செஸ்டரில் பாதத்தின் எலும்பு முறிந்த ரிஷப் பந்த் மீண்டும் களமிறங்கி அரைச்சதம் கடந்தார். மாற்று வீரர் வேண்டும் என்றார் கம்பீர். கூடாது என்றார் ஸ்டோக்ஸ். 2025-26 பருவத்தில், உள்நாட்டுப் பலநாள் ஆட்டங்களில் கடுங்காயம் பட்டவருக்கு மாற்று வீரரை வாரியம் அனுமதித்தது. ஆனால் அவ்விதி அடிபட்டு நேரும் வெளிக்காயத்துக்கே பொருந்தும். இந்தூரில் முறிந்த கைக்கு அது உதவியிருக்கும். சிட்னியின் தொடைத்தசைக்கு உதவாது.

எனவே கோரிக்கைகள் மூன்று. ஆடலாமா கூடாதா என்ற முடிவு, அணி நிருவாகத்துக்குக் கட்டுப்படாத மருத்துவரிடம் இருக்க வேண்டும். களத்தில் பட்ட காயம் ஆறும்வரை உள்நாட்டு வீரருக்கு முழு ஊதியம் தர வேண்டும். இன்று ஆடுவோருக்கென ஒரு சங்கத்தை வாரியம் ஏற்க வேண்டும்.

மொழி பயிலும் நமக்கும் ஒரு வேலை உண்டு. 'ஓய்வளிக்கப்பட்டார்', 'விடுவிக்கப்பட்டார்' என்று செயப்பாட்டுவினையில் முடியும் தலைப்புகளை ஒரு பருவம் முழுவதும் திரட்டுங்கள். ஒவ்வொன்றிலும் விடுபட்ட எழுவாயை அருகில் எழுதுங்கள். முதுகலை ஆய்வேடு ஒன்றுக்குத் தாராளமாகப் போதும்.