டிவிக்குப் பின்னால் மூன்று ஓட்டை

டிவி மெலிந்துகொண்டே போகிறது. அதன் குரலும் கூடவே மெலிந்துவிட்டது. விரற்கடை அகலம்கூட இல்லாத பெட்டியில் ஸ்பீக்கரை எங்கே வைப்பார்கள்? தரையைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோ இரண்டு சின்னஞ்சிறு ஸ்பீக்கரை ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். கதாநாயகன் பேசுவது சுவருக்கு நன்றாகக் கேட்கிறது, சோபாவில் இருக்கும் அம்மாவுக்குக் கேட்பதில்லை. அதனால் கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் நமது ஆட்கள் பலர் இப்போது இரண்டில் ஒன்று செய்கிறார்கள். சவுண்ட்பார் வாங்குகிறார்கள், இல்லாவிட்டால் லாஃப்ட்டில் கிடக்கும் பழைய ஆம்ப்ளிஃபயரைத் தூசி தட்டி இறக்குகிறார்கள்.

எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் பைத்தியம் உண்டென்று தெரிந்தவர்கள், ஸ்டேஷன் படியிலும் டெஸ்கோ வாசலிலும் பிடித்துவைத்துக் கேட்பது ஒரே கேள்விதான். போன வாரம் ஒருவர் கேட்டது அப்படியே: "அண்ணை, டிவிக்குப் பின்னால மூண்டு ஓட்டை கிடக்கு. எதுக்குள்ள குத்துறது?"

சிவப்பும் வெள்ளையுமான சோடி ஒன்று. அது அனலாக், ஒலியை மின் அலையாகவே அனுப்பும். சின்னக் கதவு போட்ட சதுர ஓட்டை ஒன்று, உற்றுப் பார்த்தால் உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரியும், அது ஆப்டிகல். மூன்றாவது எச்டிஎம்ஐ. பின்னால் சொன்ன இரண்டும் டிஜிட்டல், ஒலியை எண்களாக அனுப்பும்.

டிஜிட்டல் என்றால் உசத்தி என்பது கடையில் சொல்லும் கதை. அனலாக்கில்தான் உயிர் இருக்கிறது என்பது இசைத்தட்டு சேர்ப்பவர்களின் கதை. எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. நமது காது அனலாக், ஸ்பீக்கரும் அனலாக். எந்த வயரில் போனாலும் கடைசியில் எண்களெல்லாம் மின் அலையாக மாறித்தான் ஆகவேண்டும். அந்த மாற்றும் வேலையைச் செய்யும் சில்லுக்கு டிஏசி என்று பெயர். டிவிக்குள் ஒன்று இருக்கும். ஆம்ப்ளிஃபயருக்குள் இருந்தாலும் இருக்கலாம். சிவப்பு வெள்ளையில் குத்தினால் டிவியே மாற்றி அனுப்புகிறது. ஆப்டிகலில் குத்தினால் எண்ணாகவே அனுப்பி, மாற்றும் வேலையை அடுத்த பெட்டியிடம் விடுகிறது. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, எந்தப் பெட்டியில் இருக்கும் டிஏசி நல்லது என்பதுதான்.

ஒரு பழைய நல்ல சிடி பிளேயரை எடுத்துக்கொள்ளுங்கள். சிடியில் ஒலி நொடிக்கு 44,100 தடவை அளக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு அளவும் 65,536 படிகளில் ஒன்று. அதை ஒலியாக மாற்றுவதற்கென்றே செய்த பெட்டி அது. அதன் முதுகில் சிவப்பு வெள்ளை இருக்கும்போது ஐந்தாறு பவுண்ட் ஆப்டிகல் கேபிளும் புதிய டிஏசியும் தேடி அலைவது வீண் வேலை. மலிவான டிவிக்கு இது பொருந்தாது. அதில் செலவை மிச்சம் பிடிக்கும் முதல் இடமே ஒலிதான். போதாக்குறைக்கு இப்போதைய டிவிகள் பலவற்றில் சிவப்பு வெள்ளையையே எடுத்துவிட்டார்கள்.

அனலாக் பழசு, டிஜிட்டல் புதுசு என்று பேசுவதும் முழுக்கச் சரியில்லை. ஒலியை எண்ணாக வெட்டி அனுப்பும் முறையை அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1937இல் கண்டுபிடித்தார். எல்பி இசைத்தட்டு கடைக்கு வந்தது 1948இல். எண்ணாக்கும் யோசனை எல்பியை விட மூத்தது! அதற்கும் முன்னால் 1931இல், எலிசபெத் லைனின் அந்தக் கோடியில் இருக்கும் ஹேய்ஸில், இஎம்ஐ நிறுவனத்தின் ஆலன் ப்ளூம்லைன் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்துவிட்டார். ஹேய்ஸ் ஸ்டேஷனில் ரயில்கள் போவதையும் வருவதையும் அவருடைய குழு ஸ்டீரியோ ஒலியோடு படம் பிடித்தது. நமது பக்கமும் சளைத்ததில்லை. பக்கத்து இல்ஃபர்டில் விகரேஜ் லேனில் இருந்த ப்ளெஸி கம்பெனிதான் ஜான் பேர்டின் ஆரம்பகால டிவிப் பெட்டிகளைச் செய்து கொடுத்தது. 1960இல் அதே ப்ளெஸி, ஸ்விண்டனில் டர்ன்டேபிள் செய்த காரர்ட் கம்பெனியை வாங்கிக்கொண்டது. இன்று பெரும் விலைக்குப் போகும் காரர்ட் 401 டர்ன்டேபிள் ப்ளெஸி காலத்துப் பிள்ளை.

இனி உறுமல். அனலாக் வயரின் உண்மையான எதிரி இதுதான். ஒலித்தரத்தைப் பற்றிய சண்டையை விட எங்கள் வீடுகளில் இதுதான் பெரிய தலைவலி. பழைய ஆம்ப்ளிஃபயரை டிவியோடு சிவப்பு வெள்ளையில் இணைத்தவுடன், பாட்டுப் போடாமலே "உம்ம்ம்" என்று ஒரு சத்தம். யாரும் அழைக்காத தம்பூரா மாதிரி வந்து உட்கார்ந்துகொள்ளும். இங்கும் யாழ்ப்பாணத்திலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும் கூடவே வரும். ஐந்து கட்டைக்குச் சற்று மேலே, ஐந்தரைக்குச் சற்றுக் கீழே நிற்கும் சுருதி அது. அதோடு சேர்ந்து பாட எந்த வித்வானாலும் முடியாது.

காரணம் சாதாரணமானது. ஆன்டெனா கேபிள் ஒரு வழியாக எர்த்தைத் தொடுகிறது, ஆம்ப்ளிஃபயரின் பிளக் இன்னொரு வழியாகத் தொடுகிறது. இரண்டுக்கும் இடையில் சிறு வித்தியாசம் இருந்தால் போதும், நடுவில் இருக்கும் சிவப்பு வெள்ளை வயரின் மேலுறை வழியாக மின்சாரம் ஓடத் தொடங்கும். கண்டுபிடிப்பது சுலபம். எல்லாவற்றையும் போட்டுவிட்டு டிவியில் இருந்து ஆன்டெனா கேபிளை மட்டும் உருவுங்கள். உறுமல் நின்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. அதற்கு மருந்து ஆப்டிகல். தோஷிபா 1983இல் கொண்டுவந்த இந்தக் கேபிளுக்குள் இருப்பது பிளாஸ்டிக் இழை. வெளிச்சம் போகும், மின்சாரம் போகாது. உறுமலுக்குப் பாதை அறுந்துபோகும். பழைய ஆம்ப்ளிஃபயரில் ஆப்டிகல் ஓட்டை இல்லையென்றால் நடுவில் ஒரு சின்ன டிஏசி பெட்டி வைக்கலாம். 20 பவுண்ட் அளவில் கிடைக்கும்.

வைத்தபின் சத்தமே வரவில்லை என்று போன் பண்ணுபவர்களுக்கு நான் இரண்டு விஷயம் சொல்வேன். கேபிளின் இரண்டு நுனியிலும் கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழற்றினீர்களா? டிவியின் ஒலி அமைப்பில் 'பிசிஎம்' என்று மாற்றினீர்களா? டிவி டால்பி எண்களை அனுப்பினால் அந்தச் சின்னப் பெட்டிக்கு ஒன்றும் புரியாது, வாயை மூடிக்கொள்ளும்.

ஆப்டிகலிலும் ஒரு குறை உண்டு. அநேகமான டிவிகள் அதில் ஒலியை ஒரே அளவில்தான் அனுப்பும். டிவி ரிமோட்டால் கூட்டவோ குறைக்கவோ முடியாது. மகன் வேலைக்குப் போனபின் வீட்டில் தனியாக இருக்கும் அம்மா, ஆம்ப்ளிஃபயரின் ரிமோட் எது, டிவியின் ரிமோட் எது என்று மேசையில் தேடவேண்டும். "தம்பி, எனக்கு உந்த ரெண்டு ரிமோட்டும் சரிவராது, பழையபடி மாத்திவிடு" என்று ஒரு தாய் சொன்னதை நானே கேட்டேன். அவர் சொன்னதுதான் எனக்கும் முதல் அளவுகோல். 2009க்குப் பிறகு வந்த எச்டிஎம்ஐயில் 'ஏஆர்சி' என்று ஒரு வசதி உண்டு. டிவியின் ஒலி அதே கேபிளில் திரும்பி சவுண்ட்பாருக்குப் போகும், ஒரு ரிமோட்டே இரண்டையும் ஆளும். எல்லா எச்டிஎம்ஐ ஓட்டையும் இதைச் செய்யாது. 'ஏஆர்சி' என்று எழுதியிருப்பதில் குத்தவேண்டும். பெற்றோர் இருக்கும் வீட்டுக்கு என் தீர்ப்பு இதுதான், ஒலித்தரம் பற்றிய விவாதமெல்லாம் பிறகு.

இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு. டர்ன்டேபிள் ஊசியில் இருந்து வருவது நாலைந்து மில்லிவோல்ட், சிடி பிளேயர் தருவதோ இரண்டு வோல்ட். ஏறக்குறைய 400 மடங்கு வித்தியாசம். அதனால் 'போனோ' என்று எழுதியிருக்கும் ஓட்டையில்தான் குத்தவேண்டும், கூட வரும் மெல்லிய எர்த் வயரை அதற்குரிய திருகில் முடுக்கவேண்டும். இன்ரெகோ, எக்கோ கம்பெனிகளின் பழைய இசைத்தட்டுகளைத் தேடித் தேடி வாங்கி, புளூடூத் டர்ன்டேபிளில் போட்டு, ஒலியை எண்ணாக்கிச் சுருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறவர்களிடம் நான் ஒன்றும் சொல்வதில்லை. அது அவரவர் பணம்.

கேபிள் விலைக்கு வருவோம். ஐந்து பவுண்ட் ஆப்டிகலும் எண்பது பவுண்ட் ஆப்டிகலும் அதே எண்களைத்தான் கொண்டுபோகின்றன. கேபிள் கெட்டால் சத்தம் அறுந்து அறுந்து வரும், இல்லாவிட்டால் நின்றுபோகும். வீணை திடீரென்று இனிமையாகாது. மிச்சப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். டெரஸ் வீட்டில் பக்கத்துச் சுவருக்குள் போகும் பேஸ் சத்தத்துக்கு மட்டும் எந்த ஓட்டையிலும் மருந்தில்லை. குறைத்து வைக்கத்தான் வேண்டும்.

ஒரு வேண்டுகோள். உறுமல் போகட்டும் என்று பிளக்கைத் திறந்து எர்த் வயரைக் கழற்றிவிடும் பழக்கம் நமது ஆட்களில் சிலரிடம் இருக்கிறது. உறுமல் போவது உண்மைதான். ஆனால் ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு வயர் பழுதானால் அந்த உலோகப் பெட்டி முழுவதும் 230 வோல்ட் ஏறும், தொடுகிறவர் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். கழற்றியவர்கள் இன்றைக்கே மறுபடி மாட்டிவிடுங்கள். மாட்டத் தெரியாவிட்டால் ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.