பத்து வாரத்தோடு ஆபத்து முடிவதில்லை



நம் முன்னோர் தலைமன்னாரில் கரையிறங்கி மாத்தளைக்கு நடந்தவர்கள். அந்தத் தீவுப் பெண்ணுக்கும் நம் லயத்துப் பெண்ணுக்கும் இன்றும் ஒரே கஷ்டம்: பெரிய வைத்தியசாலை தூரம். மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை நூறு கிலோமீற்றருக்கு மேல்.

பிள்ளைப்பேற்றை ஒட்டி இதயத் தசை பலமிழக்கும் நோய் ஒன்று உண்டு. கர்ப்பத்தின் கடைசி மாதம் தொடங்கி, பேறு முடிந்து 5 மாதம் வரை வரலாம். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும், இரவில் இருமும், கால் வீங்கும். "பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான்" என்று நாமே சொல்லிவிடுகிறோம்.

எந்தத் தாய் தேறுவாள் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ள வேண்டும். எக்கோ ஸ்கேனில் அது 30 சதவீதத்துக்குக் கீழே இருந்து, அறையும் விரிந்திருந்தால் தேறுவது கடினம். அடுத்த பிள்ளை பெறுவதும் ஆபத்து. சிகிச்சை கிடைத்த பலர் ஆறு மாதத்தில் தேறுகிறார்கள். ஸ்கேனே எடுக்காத தாய்க்கு யார் என்ன சொல்ல முடியும்?

சட்டம் தரும் பிரசவ லீவு 12 வாரம். பேற்றுக்குப் பின் 10 வாரம். ஆபத்துக் காலமோ அதைப்போல் இரண்டு மடங்கு. அதற்குள் கூடை முதுகில் ஏறிவிடுகிறது.

ஆகவே நிர்வாகத்திடமும் சுகாதார அமைச்சிடமும் நாம் கேட்பது மூன்று: மூச்சு முட்டும் தாய்க்கு அன்றே வாகனம், தாமதமில்லாத எக்கோ, வைத்தியர் சொல்லும்வரை சம்பளத்தோடு லீவு. குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள். தாயில்லாப் பிள்ளையின் முகத்தை வகுப்பில் தினமும் பார்ப்பவர்கள் நாங்கள்.