தண்டவாளத்துக்கு அப்பால்: மூஸ் வேட்டைக்குப் புறப்படுமுன்

சென்ற இதழில் அலாஸ்கா இருப்புப்பாதையைப் பற்றி எழுதுகையில், பனிக்காலத்தில் தண்டவாளத்தின்மேல் வந்து நின்றுகொண்டு வண்டிக்கு வழிவிட மறுக்கும் மூஸ் என்னும் விலங்கைக் குறித்து ஒரு வரி எழுதியிருந்தேன். அதனை எவ்வாறு வேட்டையாடுகின்றனர் என்று அன்பர் சிலர் கேட்டிருக்கின்றனர். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை பொதுவாகத் தடுக்கப்பட்டுவிட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஒரு மாநிலமாகிய அலாஸ்காவிலோ, உரிமச் சீட்டும் பருவமும் வரையறுத்து அரசே அதனை நடத்துகிறது. அங்கே பல குடும்பங்களுக்கு அது பனிக்காலத்துக்குரிய உணவு. எனவே புலால் உண்ணாத அன்பர்களும் தாய்மார்களும் முகம் சுளியாமல் மேலே படிக்கலாம். நான் எழுதப்போவது சுடுவதைப் பற்றியன்று. சுடுவதற்குமுன் செய்ய வேண்டியவற்றைப் பற்றியே.

மூஸ் என்பது மான் குலத்தில் மிகப் பெரியது. ஐரோப்பியர் இதனையே எல்க் என்பர். அமெரிக்காவில் எல்க் என்றால் வேறொரு மான். அலாஸ்காவின் முதிர்ந்த ஆண் மூஸ் 1,600 பவுண்டு வரை எடை காணும். தோள்வரையிலான உயரமே ஏறத்தாழ 6 அடிக்கு மேல். கொம்பின் அகலமும் அவ்வளவு வளரக் கூடும். நம் மலைக்காடுகளின் கடமான் அதன் அருகே நின்றால் கன்றுபோல் தோன்றும். கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைப்பது. கோடையில் அதன்மேல் வெல்வெட்டுப் போன்ற தோல் போர்த்தியிருக்கும். ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பரிலும் மரங்களில் உராய்ந்து அதனைக் கழற்றும். செப்டம்பர்க் கடைசியிலும் அக்டோபர்த் தொடக்கத்திலும் இணைசேரும் பருவம். வேட்டைக்காலமும் பெரும்பாலான பகுதிகளில் செப்டம்பரையொட்டியே அமைந்திருக்கிறது.

நிற்க. இவ்வேட்டையைப் பற்றிய நூல்களில் பாதிக்கு மேற்பட்ட பக்கங்கள் துப்பாக்கியைப் பற்றியவை. அது தவறான விகிதம் என்பது என் எண்ணம். பார்சல் ஆபீசில் சில ஆண்டுகள் வேலை பார்த்த எவனுக்கும், சரக்கு எங்கே கிடைக்கும் என்பதைவிட, கிடைத்த சரக்கை எப்படி வெளியேற்றுவது என்பதே முதற்கேள்வியாகத் தோன்றும். கணக்கைப் பாருங்கள். 1,600 பவுண்டு மூஸிலிருந்து எலும்பும் கழிவும் போக 500 பவுண்டு இறைச்சி தேறும் என்பது அம்மாநில வனவிலங்குத் துறையின் மதிப்பு. ஒருவன் முதுகில் ஒரு தடவைக்கு 65 பவுண்டு சுமப்பானாயின் எட்டுச் சுமை. விலங்கு விழுந்த இடம் படகிலிருந்து 1 மைல் தொலைவானால், எட்டு முறை சுமையோடும் ஏழு முறை வெறுமையாகவும் ஆக 15 மைல் நடக்க வேண்டும். 3 மைலானால் 45 மைல்! அதுவும் சாலையிலன்று; காலை வைத்தால் முழங்கால்வரை அமிழும் பாசிச் சதுப்பிலும், தலையணை தலையணையாக அசையும் புல்முண்டுகளின் மேலும். இருவர் சென்றால் பாதியாகும் என்பது ஓர் ஆறுதல்.

இக்கணக்கிலிருந்து தப்பவும் முடியாது. நான்கு சப்பை, விலா, கழுத்து, நெஞ்சு, முதுகு ஆகியவற்றின் இறைச்சியையெல்லாம் வெளியே கொண்டுவந்தாக வேண்டும் என்பது அலாஸ்காச் சட்டம். காட்டில் அழுக விடுவது குற்றம். கொம்பை முன்னதாகக் கொண்டுவந்துவிட்டு இறைச்சிக்கு அப்புறம் போவதும் குற்றம். கடைசிச் சுமையோடுதான் கொம்பு வரலாம். புகழுக்கு முன்னே பொறுப்பு என்று எவரோ நன்றாக எண்ணி எழுதிய விதி. ஆகையால் அறிந்தவர்கள் தங்கள் நிலப்படத்தில் முதலில் வரைவது மூஸ் இருக்கும் இடத்தையன்று. ஆறு, ஏரி, சாலை, இருப்புப்பாதை இவற்றின் இருமருங்கிலும் ஒரு மைல் அகலத்துக்குக் கோடு போடுவர். அக்கோட்டுக்கு வெளியே எவ்வளவு பெரிய விலங்கு நின்றாலும் அது தங்களுக்குரியதன்று என்று முன்கூட்டியே மனத்தை அடக்கிக்கொள்வர்.

நிலப்படம் என்றேன். அலாஸ்காவின் நில அளவைப் படங்கள் 1-க்கு 63,360 என்னும் அளவில் அச்சிடப்பட்டவை. அதாவது மைலுக்கு ஓர் அங்குலம். நம் சர்வே ஆப் இந்தியாவின் பழைய ஓரங்குலப் படங்களும் இதே அளவுடையவையே. அலாஸ்காவின் பரப்பு நம் பாரத நாட்டின் பரப்பில் பாதிக்குச் சற்று மேல். மக்கள் தொகையோ பத்து லட்சத்தை எட்டவில்லை. இத்தகைய பரப்பில் முன்பின் அறியாத ஒருவன் எங்கே தேடுவது? படத்தில் முதலில் காண வேண்டியது பழைய காட்டுத்தீயின் வடு என்பர். முதிர்ந்த ஊசியிலைக் காட்டில் மூஸுக்கு உணவு குறைவு. தீ வந்து போனபின் வில்லோ என்னும் புதர்களும் பூர்ச்ச மரக் கன்றுகளும் தளிர்க்கின்றன. சில ஆண்டுகளில் மூஸ் பெருகுகிறது. 1947-இல் கெனாய் தீபகற்பத்தில் பெருந்தீ மூண்டு மூன்று லட்சம் ஏக்கர் அளவில் எரிந்தது. அதன்பின் அங்கே மூஸ் மிகுந்தது யாவரும் அறிந்த வரலாறு.

அடுத்து, நிலம் யாருடையது என்று பார்க்க வேண்டும். தரிசு போலத் தோன்றுவதெல்லாம் புறம்போக்கன்று. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 4 கோடியே 40 லட்சம் ஏக்கர் அந்நாட்டுப் பழங்குடி மக்களின் நிறுவனங்களுக்கு உரியதாயிற்று. அங்கே அவர்கள் அனுமதி வேண்டும். தேனாலி தேசியப் பூங்காவின் பழைய எல்லைக்குள் வேட்டையே கூடாது. வேற்று நாட்டுக் குடிமகனாயின், உரிமம் பெற்ற வழிகாட்டி உடனின்றி மூஸ் வேட்டைக்குச் செல்ல இயலாது.

பிறகு அப்பகுதியின் உயிரியல் அதிகாரியைக் கேட்பது. ஒவ்வொரு வேட்டையாளனும் தான் கொன்றதையோ கொல்லாததையோ அறிக்கையாக அனுப்பியாக வேண்டுமாதலால், எந்த ஆற்றுப்பள்ளத்தில் எத்தனை என்னும் கணக்கு அவ்வலுவலகத்தில் இருக்கிறது. ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. மூஸைத் தெளிவாக எண்ணுவது தரை பனியால் வெளுத்தபின் விமானத்திலிருந்து பார்த்துத்தான். பனிக்காலத்தில் கூட்டமாய் நிற்கும் தாழ்ந்த ஆற்றங்கரை செப்டம்பரில் வெறிச்சோடிக் கிடக்கலாம். அவை அப்போது மேட்டுப் புதர்க்காட்டில் இருக்கும். எண்ணிக்கையைக் கேட்பவன் எந்தத் திங்களின் எண்ணிக்கை என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நம்மவர்கள் புதிய ஊருக்கு மாற்றலாகும்போது வீட்டுக்காரர் சொல்வதோடு நில்லாமல், எதிர்வீட்டு மாமியைக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று கேட்டறிவதில்லையா? அவ்வாறே படகுக்காரரையும், சிறு விமானம் ஓட்டுபவரையும், கடைக்காரரையும் கேட்பது வழக்கம். எங்கே மூஸ் இருக்கிறது என்று கேட்டால் வாய் திறவார்கள். ஆறு எந்த வாரத்தில் வற்றும், எந்த மணல்திட்டில் விமானம் இறங்கும், மழை வந்தால் எத்தனை நாள் காத்திருக்க நேரும் என்று கேட்டால் மனமுவந்து சொல்வார்களாம். காத்திருக்கும் நாட்களுக்கும் சேர்த்து உணவு கொண்டுபோவது இன்றியமையாதது.

இவ்வளவும் வீட்டிலிருந்தபடியே செய்யலாம். இனி நேரில் சென்று ஆராயும் பகுதி. எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றுவது இதுவே. வேட்டை தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்னதாகவே சென்று, துப்பாக்கிக்கு வேலையின்றிக் கண்ணையும் மூக்கையும் பழக்குகிறார்கள். மூஸுக்கு மாட்டைப் போலவே மேல்வரிசை முன்பற்கள் இல்லை. ஆகையால் அது தின்ற தளிரின் நுனி கிழிந்து நார்நாராய்த் தொங்கும். முயல் கடித்ததாயின் கத்தியால் சீவியதுபோலச் சாய்வாக இருக்கும். கிழிசல் பச்சையாக ஈரத்தோடு இருந்தால் இன்றோ நேற்றோ வந்துபோனது. கறுத்து உலர்ந்திருந்தால் பழைய கதை. ஆளுயரத்தில் பட்டை உரிந்த இளமரம் கொம்பு உராய்ந்ததைக் காட்டும். பருவம் நெருங்கியபின் ஆண் மூஸ் குளம்பால் குழிபறித்து அதில் சிறுநீர் விட்டுப் புரளும். அக்குழியின் நாற்றம் புதியவனையும் தடுத்து நிறுத்திவிடும். அத்தகைய குழி கண்ட இடம் நிலப்படத்தில் குறிக்கப்பட வேண்டிய இடம்.

விடியற்காலையிலும் அந்தியிலும் ஒரு மேட்டில் அமர்ந்து தொலைநோக்கியால் பார்ப்பர். உடல் கருநிறமாதலால் புதரோடு புதராக மறையும். கொம்பின் தகடுதான் வெயிலில் வெளேரென்று பளிச்சிட்டுக் காட்டிக்கொடுக்கும். மூஸுக்குப் பார்வை மந்தம். செவியும் மோப்பமும் மிகக் கூர்மை. எனவே காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்பதை நாள்தோறும் மணிவாரியாகக் குறித்துவைப்பவனே பயனடைவான். பூர்ச்சப் பட்டையைக் கூம்பாகச் சுருட்டி அதன் வழியே பெண் மூஸின் நீண்ட முனகலைப் போல ஒலியெழுப்புவதும் உண்டு. அழைப்பைக் கேட்ட ஆண் உடனே வரும் என்பதில்லை. மறுநாள் அதே இடத்துக்கு ஓசையின்றி வந்து நிற்பதும் உண்டாம். பொறுமையில்லாதவன் அதற்குள் கூடாரத்தைப் பெயர்த்துவிடுகிறான்.

விமானத்தில் பறந்து பார்த்துவிட்டு இறங்கியவுடன் சுடலாமே என்று கேட்பீர்கள். அதற்கும் தடையுண்டு. சிறு விமானத்தில் பறந்தவன் மறுநாள் அதிகாலை 3 மணி வரை மூஸைச் சுடலாகாது. பல பகுதிகளில் கொம்பின் அகலம் 50 அங்குலமாவது இருக்க வேண்டும், அல்லது நெற்றிக் கிளைகள் இத்தனை இருக்க வேண்டும் என்றும் விதியிருக்கிறது. 300 கஜத்துக்கு அப்பால் புதருக்குள் நிற்கும் விலங்கின் கொம்பை எந்த அங்குலக்கோலால் அளப்பது! ஆகையால் முன்னாள் ஆராய்ச்சியின்போதே பல விலங்குகளைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்போது நம் இருப்புப்பாதைக்கு வருவோம். டாக்கீட்னா என்னும் ஊரிலிருந்து வடக்கே ஹரிக்கேன் வரை 50 மைலுக்குச் சற்று மேற்பட்ட தொலைவுக்கு ஒரு வண்டி ஓடுகிறது. இடையில் பெரும்பகுதிக்குச் சாலையே இல்லை. நிலையம் இல்லாத இடத்திலும் பாதையோரம் நின்று துணியை வீசினால் வண்டி நிற்கும். காட்டுக்குள் குடியிருப்போர் மளிகை மூட்டையோடு ஏறி இறங்குவதும், பருவத்தில் வேட்டையாளர்கள் இறைச்சிப் பொதிகளோடு கை காட்டுவதும் அவ்வண்டியின் அன்றாட நிகழ்ச்சி. பொதிகள் சாமான் வண்டியில் ஏறுகின்றன. முன்சொன்ன எட்டுச் சுமைக் கணக்குக்கு இதைவிட நல்ல விடை எங்கே கிடைக்கும்? ஆயினும் ஒன்று. வண்டி எந்தெந்த நாள் ஓடும் என்று பார்த்தே சுட வேண்டும். அடுத்த வண்டிக்கு நான்கு நாள் இருக்கையில் வெயிலடித்தால் இறைச்சியின் கதி என்ன? உடனே தோலை உரித்து, மெல்லிய துணிப்பையிலிட்டு, நிழலில் காற்றாடத் தொங்கவிட்டால்தான் தாங்கும். கரடியின் கண்ணும் அதன்மேல் இருக்கும். தண்டவாளத்தின் வழியே நடந்து சுமப்பதும் கூடாது. அங்கும் அது அத்துமீறலே.

முன்னாராய்ச்சி இல்லாமையால் நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். 1992 ஏப்ரல் 28-ஆம் நாள் கிறிஸ்டோபர் மெக்கண்ட்லெஸ் என்னும் 24 வயது இளைஞர், இதே இருப்புப்பாதையிலுள்ள ஹீலி என்னும் ஊருக்கருகே, ஸ்டாம்பீடு தடம் என்னும் பழைய காட்டுவழியில் தனியே நுழைந்தார். கையில் ஒரு சிறு துப்பாக்கியும் பத்துப் பவுண்டு அரிசியும். விவரமான நிலப்படம் இல்லை. டெக்லானிக்கா ஆறு அப்போது எளிதில் கடக்கும்படி இருந்தது. காட்டில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய பஸ்ஸில் தங்கினார். ஜூன் 9-ஆம் நாள் ஒரு மூஸைச் சுட்டார். அவ்வளவு இறைச்சியைத் தனியொருவர் என்ன செய்வார்? புகை போட்டுப் பார்த்தார். சில நாட்களில் புழு வைத்து, விட்டுவிட நேர்ந்தது. மெல்லிய கீற்றுகளாக அறுத்துக் காற்றில் உலர்த்தியிருக்க வேண்டும் என்று அலாஸ்கா வேட்டையாளர்கள் பின்னர்க் கூறினர். உப்புக்கண்டம் போடும் நம் ஊர்ப் பாட்டிமாரும் அதையே சொல்லியிருப்பர்.

ஜூலைத் தொடக்கத்தில் அவர் திரும்பப் புறப்பட்டார். பனியாறுகள் உருகியதால் டெக்லானிக்கா பெருக்கெடுத்து ஓடியது. கடக்க முடியாமல் பஸ்ஸுக்கே மீண்டார். அவர் நின்ற இடத்திலிருந்து ஒரு மைலுக்கும் குறைந்த தொலைவில், நீரளவு எடுப்பவர்களுக்காகக் கட்டப்பட்ட கம்பிக்கயிறும் அதில் தொங்கும் கூடையும் ஆற்றின் குறுக்கே இருந்தன. நிலப்படம் வைத்திருந்தவர்கள் அதனை அறிவார்கள். ஆகஸ்டில் அவர் பட்டினியால் இறந்தார். செப்டம்பர் 6-ஆம் நாள் அவர் உடலைக் கண்டவர்களுள் மூஸ் வேட்டைக்காக வந்தவர்களும் இருந்தனர். அவர்கள் அந்த ஆற்றைக் கடக்கத் தக்க வண்டிகளோடு வந்திருந்தார்கள். பின்னாளில் அந்தப் பஸ்ஸைக் காணப் போனவர்களும் ஆற்றில் சிக்கி, இருவர் உயிரிழந்தமையால், 2020 ஜூன் 18-ஆம் நாள் ஹெலிகாப்டர் கொண்டு அது அகற்றப்பட்டது.

இடம் முடிந்துவிட்டது. நியூபவுண்ட்லாந்துத் தீவில் 1904-ஆம் ஆண்டு கொண்டுவந்து விட்ட நான்கே மூஸ்கள் பல்லாயிரமாகப் பெருகிய கதையும், 1988-இல் மூடப்பட்ட அத்தீவின் குறுகிய இருப்புப்பாதையின் கதையும் அடுத்த இதழில்.