மதிப்பிட வருபவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கேரளத்தின் அட்டப்பாடி மலைப்பகுதியில் 1996 முதல் 2010 வரை ஜப்பானியக் கடனுதவியோடு அஹாட்ஸ் என்ற அமைப்பு வேலை செய்தது. தரிசாகிப்போன சரிவுகளில் மரம் நட்டார்கள், தடுப்பணை கட்டினார்கள், 'ஊரு' எனப்படும் ஆதிவாசிக் குடியிருப்புகளில் வீடு எழுப்பினார்கள். அது முடிந்து மூன்றே ஆண்டில், 2013-ல், அந்த மலையில் பச்சைக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. தாய்மாரின் ரத்தசோகை, எடை குறைந்த பிறப்பு என்று காரணங்கள் வெளிவந்தன. எத்தனை குழந்தைகள் என்பதிலேயே அரசுக் கணக்கும் ஆர்வலர்கள் கணக்கும் ஒத்துப்போகவில்லை.

மண்ணும் நீரும் அளக்கப்பட்ட மலையில் தாய் என்ன சாப்பிட்டாள் என்று கேட்பது யார் வேலை? திட்டங்களை மதிப்பிடுவோரின் தகுதி பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் எழுகிறது.

இந்தியாவுக்கு இந்தத் தொழில் புதிதல்ல. திட்டக் குழுவின் மதிப்பீட்டு அமைப்பு 1952-லேயே தொடங்கிவிட்டது. அமெரிக்க மதிப்பீட்டாளர் சங்கம் 2018-ல் தகுதிகளை ஐந்து வகையாகத் தொகுத்தது: தொழில் நெறி, ஆய்வுமுறை, களச் சூழல், திட்டமிடல், மனிதரோடு பழகும் திறன். நம் மலைகளுக்குக் களச் சூழலைத்தான் முதலில் வைப்பேன்.

அகளி, புதூர், சோலையூர் பஞ்சாயத்துகளில் இருளர், முடுகர், குறும்பர் வாழ்கிறார்கள். மூப்பன் (தலைவர்), வண்டாரி (பொருளாளர்), குறுதலை (தலைவரின் உதவியாளர்), மண்ணுக்காரன் (விவசாயப் பொறுப்பாளர்) என ஊருக்குள் பொறுப்புகள் உண்டு. எதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் போனால் முதலில் எதிர்ப்படுபவர் சொல்வதே பதிவாகும். அதைவிடக் கவலை தருவது மொழிபெயர்ப்பு. மொழிபெயர்க்கக் கூட வருபவர் பழங்குடியினர் துறையின் களப்பணியாளரான எஸ்.டி. புரமோட்டராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருந்தால், அவர் துறையின் திட்டத்தைப் பற்றி ஒரு தாய் அவர் வாய்வழியாகவே குறை சொல்ல வேண்டும். எந்தத் தாய் சொல்வாள்? 'சத்துமாவு கிடைத்ததா' என்றால் 'கிடைத்தது' என்பாள். ராகியும் சாமையும் விளைந்த நிலம் என்ன ஆயிற்று, வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார் என்ற கேள்விகள் கேள்வித்தாளில் இருக்காது. ரத்தசோகையை உண்டாக்கும் அரிவாள் செல் நோய் உள்ள மக்களிடம் இரும்புச்சத்து மாத்திரையின் எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டு திரும்புவது எனக்குப் பொறுக்க முடியாத அலட்சியம்.

இன்னொரு எடுத்துக்காட்டு: இடுக்கியில் முதுவர் பழங்குடியினரின் இடமலைக்குடி 2010-ல் கேரளத்தின் முதல் ஆதிவாசிப் பஞ்சாயத்தானது. அதன் அலுவலகமோ நெடுங்காலம் தொலைவில் உள்ள தேவிகுளத்தில் இயங்கியது. 'பஞ்சாயத்து அலுவலகம் உண்டா' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று டிக் போட்டால் அது பொய்யில்லை. காட்டுவழி நடந்து ஒரு சான்றிதழுக்காக மலையிறங்கியவருக்கு அந்த 'ஆம்' என்ன பயன்?

களம் அறிந்தவர்கள் இல்லாமல் இல்லை: இருள மொழி பேசும், பள்ளி முடித்த பெண்கள் அட்டப்பாடியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆய்வுமுறையைச் சொல்லிக்கொடுத்து, தகவல் சேகரிக்கும் தினக்கூலியாக வைக்காமல், கேள்வி எழுதும் இடத்தில் முழுச் சம்பளத்தோடு உட்கார வைக்க வேண்டும். அறிக்கை ஊருகூட்டத்தில் ஊர் மக்களின் மொழியில் வாசிக்கப்பட்ட பிறகே கடைசித் தவணைப் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.