மஞ்சள் குமிழ், சிவப்பு லீவர்... சந்தக்பூ பனியில் ஏறும் 'தாத்தா' லேண்ட் ரோவர்!

டார்ஜிலிங் மாவட்டத்தில், நேபாள எல்லையை ஒட்டியிருக்கும் சின்ன ஊர் மானேபஞ்சாங். அங்கிருந்து மேற்கு வங்கத்தின் மிக உயரமான இடமான சந்தக்பூவுக்கு 31 கிலோமீட்டர்தான். ஆனால், அந்த 31 கிலோமீட்டருக்குள் 1,600 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். 3,636 மீட்டர் உயரத்தில் இருக்கும் உச்சியில் நின்றால் கஞ்சன்ஜங்கா கண்முன்னே நிற்கும். குளிர்காலத்தில் போனால், பாதையில் பனியும் காத்திருக்கும்.

இந்தப் பாதையில் பல ஆண்டுகளாக சவாரி ஓட்டிக்கொண்டிருப்பவை 1950-களில் தயாரான லேண்ட் ரோவர்கள். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் விட்டுப்போன வண்டிகள் என்பார்கள். அலுமினிய பாடி என்பதால் துரு அவ்வளவாகத் தின்னவில்லை. இன்ஜினை மட்டும் பலர் டீசலுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது பொலிரோக்களும் போட்டிக்கு வந்துவிட்டன என்றாலும், லேண்ட் ரோவரில்தான் ஏறுவேன் என்று அடம்பிடிக்கும் சுற்றுலாப் பயணிகள் இன்னும் இருக்கிறார்கள்.

இன்றைய எஸ்.யூ.வி-யில் ஃபோர் வீல் டிரைவ் என்பது ஒரு பட்டன். மிச்சத்தை கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். இந்த 'தாத்தா' வண்டியில் கம்ப்யூட்டர் வேலையையும் டிரைவர்தான் செய்ய வேண்டும். கியர் லீவருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் குமிழ், ஒரு சிவப்பு லீவர். சாதாரண சாலையில் இன்ஜினின் சக்தி பின்சக்கரங்களுக்கு மட்டும் போகும். மஞ்சள் குமிழை அழுத்தினால் முன்சக்கரங்களும் சேர்ந்துகொள்ளும். வண்டியை நிறுத்திவிட்டு சிவப்பு லீவரைப் பின்னால் இழுத்தால் 'லோ ரேஞ்ச்'. வேகம் பாதிக்கும் கீழே குறைந்து, இழுவை அந்த அளவுக்குக் கூடும். ஃபோர் வீலும் தானாகவே விழுந்துவிடும்.

'அப்படியென்றால், கிளம்பும்போதே போட்டுவிட்டுக் கடைசி வரை போகலாமே?' என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் ஓடுகின்றன. இந்த வண்டியில் ஃபோர் வீல் விழுந்துவிட்டால், முன்னும் பின்னும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். பனியிலோ சரளைக்கல்லிலோ டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த கான்கிரீட்டில் வழுக்க இடமில்லை. ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும், டயர் தேயும், உள்ளே ஷாஃப்ட்டுகள் முறுக்கேறும். இந்தப் பழைய வண்டிகளின் பின் ஆக்ஸில் ஷாஃப்ட் ஏற்கெனவே உடைவதற்குப் பேர்போனது. நடு மலையில் அது உடைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சந்தக்பூ பாதையிலோ பல இடங்களில் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். வெயில் படும் வளைவு காய்ந்து கிடக்கும். அடுத்த வளைவு நிழலில் உறைந்திருக்கும். எங்கே போடுவது, எங்கே எடுப்பது என்பதை டிரைவர் முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். பனியில் சிக்கிய பிறகு போடுவது, மழையில் நனைந்த பிறகு குடை விரிக்கிற கதைதான்.

இன்னொன்று. நான்கு சக்கரமும் இழுக்கிறது என்பதால் வண்டி வழுக்காது என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு ஆக்ஸிலிலும் ஒரு சக்கரம் ஐஸ் மீது நின்றால் போதும், அந்த இரண்டும் வெறுமனே சுழலும், மற்ற இரண்டும் சும்மா நிற்கும். அதனால்தான் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், மெதுவாகவும் சீராகவும் நகர்த்துகிறார்கள். பனி அதிகமென்றால் டயருக்குச் சங்கிலி. முடிந்தால் நான்குக்குமே கட்டுவது நல்லது.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் உயிர் இருக்கிறது. ஃபோர் வீல் டிரைவ் வண்டியை ஏற்றிவிடும், நிறுத்தாது. பிரேக் பிடிக்கும்போது எந்த வண்டிக்கும் நான்கு டயர்தான், பனிக்கு அது புரியாது. இந்த வண்டியில் ஏ.பி.எஸ்-ஸும் கிடையாது. அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், பூட்டிய சக்கரம் திரும்பாது, நேராகச் சறுக்கும். எனவே இறக்கத்தின் தலையிலேயே வண்டியை நிறுத்தி, லோ ரேஞ்சில் முதல் கியரைப் போட்டுவிட வேண்டும். பிரேக்கையும் கிளட்சையும் தொடாமல், இன்ஜின் பிடித்திழுக்க இழுக்க நடை வேகத்தில் இறங்குவதுதான் முறை. பயத்தில் கிளட்சை மிதித்தால் அந்தப் பிடியும் போய்விடும். அதையும் மீறிச் சறுக்கினால், லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுக்க வேண்டும். கேட்கத் தலைகீழாகத் தெரியும். ஆனால், சக்கரம் மறுபடி உருண்டால்தான் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்கும்.

பின்சீட்டிலிருந்து "தாஜு, கொஞ்சம் வேகமா போங்களேன்" என்று கேட்பவர்களுக்கு இந்த விவரமெல்லாம் தெரிவதில்லை.

டீ குடிக்க வண்டி நிற்கும்போது கவனித்துப் பாருங்கள். ஹேண்ட் பிரேக் இந்த வண்டியில் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. பின்பக்கம் போகும் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரம் ஐஸில் நின்றால், அது ஒரு பக்கமும் மற்றது எதிர்ப்பக்கமும் சுற்ற, வண்டி மெள்ள நகரலாம். ஃபோர் வீலிலேயே விட்டுவைத்தால் முன்சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். அப்போதும் டிரைவர் சும்மா இருப்பதில்லை. கீழே குதித்து, ஓரத்தில் கிடக்கும் ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கடைக்குள் போகிறார்.