பதிவேட்டைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுங்கள்: மருத்துவ உளவியல் வெளிநாட்டு மேற்படிப்பு குறித்து எங்கள் நிலைப்பாடு

மருத்துவ உளவியலாளராக விரும்பும் காஞ்சிபுரத்துப் பிள்ளைகள், எந்த நாட்டில் தொழில் செய்யப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்த நாட்டின் தொழில் பதிவேட்டில் பெயர் ஏற எந்தப் படிப்பு வழிசெய்கிறதோ அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். பதிவுக்கு இட்டுச்செல்லாத ஓராண்டு வெளிநாட்டு முதுகலைப் படிப்புக்காக வீட்டை அடமானம் வைப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். நெசவாளர் குடும்பங்களின் மேற்படிப்புக்கு வழிகாட்டும் அமைப்பு என்ற முறையில் இது எங்கள் நிலைப்பாடு. வெளிநாடு போக வேண்டாம் என்று யாரையும் தடுப்பது எங்கள் நோக்கமல்ல. போகிறவர்கள் விவரம் தெரிந்து போக வேண்டும் என்பதே எங்கள் அக்கறை.

இந்தியாவில் இந்தத் தொழிலுக்குச் சட்டத்தின் வரையறை உண்டு. 1992-ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி, கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து மத்தியப் பதிவேட்டில் பெயர் பதிந்தவரே மருத்துவ உளவியலாளராகப் பணியாற்றலாம். பதியாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கும் அச்சட்டத்தில் இடம் உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் கவுன்சிலின் அங்கீகாரத்தையே அளவுகோலாக வைத்திருக்கிறது. முதுகலை உளவியல் முடித்தபின், மேற்பார்வையில் மருத்துவப் பயிற்சியுடன் இரண்டாண்டு எம்.ஃபில். படிப்பதே நெடுங்காலமாக இதற்கான வழியாக இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தியபோதும் மருத்துவ உளவியலுக்கு 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு அளித்தது. அதன் இடத்துக்குக் கவுன்சில் மருத்துவ உளவியலில் எம்.ஏ., சை.டி. படிப்புகளை வகுத்திருக்கிறது. வெளிநாட்டுப் பட்டம் எதுவும் தானாக இந்தப் பதிவேட்டில் ஏறிவிடாது.

வெளிநாடுகளிலும் நிலைமை இதுதான். பிரிட்டனில் மருத்துவ உளவியலாளர் என்ற பெயரை 2009 முதல் எச்.சி.பி.சி. என்னும் ஒழுங்குமுறை அமைப்பு காத்து வருகிறது. அந்தப் பெயரைப் பெற மூன்றாண்டு முனைவர் பயிற்சி முடிக்க வேண்டும். நம் மாணவர்களுக்கு அதிகம் விளம்பரம் செய்யப்படும் ஓராண்டு எம்.எஸ்சி. படிப்பின் பெயரில் 'கிளினிகல் சைக்காலஜி' இருந்தாலும், அது மட்டும் அந்தத் தகுதியைத் தராது. முனைவர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க உதவலாம், அவ்வளவே. அந்தப் பயிற்சி இடங்களில் பெரும்பாலானவை அந்நாட்டு அரசு மருத்துவத் துறை சம்பளம் கொடுத்து நடத்துபவை. வெளிநாட்டு மாணவருக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. அமெரிக்காவில் உளவியலாளர் உரிமம் பெற முனைவர் பட்டம், மேற்பார்வைப் பயிற்சி, உரிமத் தேர்வு ஆகியவற்றைக் கடக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் அங்கீகரிக்கப்பட்ட முதுகலைப் படிப்பின் வழியாகவே பதிவு பெற முடியும். ஆனால் அதில் சேர அங்கீகரிக்கப்பட்ட நான்காண்டு உளவியல் படிப்புக்கு நிகரான அடித்தளம் வேண்டும். ஆக, ஒவ்வொரு நாட்டிலும் நுழைவாயில் வேறு. 'ஃபாரின் டிகிரி' என்று பொதுவாகச் சொல்லி முடிவெடுக்க முடியாது.

பிரிட்டனில் ஓராண்டு படிப்பின் கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்தால் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி 7.5 லட்சத்துக்கு மேல் கடன் கேட்டால் சொத்துப் பிணை வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்குள்ளேயே குழித்தறி வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த வீடுதான் தொழிற்கூடமும். அதன் பத்திரம் வங்கிக்குப் போனால், கடனைக் கட்ட முடியாமல் போகும் நாளில் குடியிருப்போடு பிழைப்பும் போகும். மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில் பாரம்பரியக் கைவினைஞர் குடும்பங்களுக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் அதன் 125 இடங்களில் நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் ஆகிய இரு பிரிவினருக்கும் சேர்த்து ஒதுக்கியிருப்பது 4 இடங்களே. தகுதி உள்ளவர்கள் கட்டாயம் விண்ணப்பிக்கட்டும். அதை நம்பி மட்டும் திட்டம் போட வேண்டாம்.

பயிற்சி எந்த ஊரில், எந்த மொழியில் என்பதும் முக்கியம். பயிற்சி மாணவர் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பதிவு எழுதுகிறார்: யார் அனுப்பினார், தகவல் சொன்னது யார், உறக்கம், பசி, வேலை, குடும்பம், பரிசோதனை முடிவு, சிகிச்சைத் திட்டம். மேற்பார்வையாளர் அதைத் திருத்தித் திருப்பித் தருகிறார். காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கு வருபவரின் அச்சத்தையோ, கூலி குறைந்து கடனில் சிக்கிய நெசவாளரின் சோர்வையோ தமிழில் கேட்டுத் தமிழில் எழுதிப் பழகியவருக்கே இந்த ஊரில் வேலை கைவரும். 1794-இல் தொடங்கிய சென்னை அரசு மனநலக் காப்பகம் இன்றும் கீழ்ப்பாக்கத்தில் இயங்குகிறது. 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த முட்டுக்காட்டில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும் காட்டாங்குளத்தூரிலும் இத்துறைப் பயிற்சி நடந்திருக்கிறது. எட்டும் தூரத்தில் இருக்கும் இவற்றை விசாரிக்காமலே விமானம் ஏறுவது தவறு.

இங்கே இடங்கள் மிகக் குறைவு, வேறு வழி என்ன என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. அந்தத் தேவைக்கு ஏற்பப் பயிற்சி இடங்கள் பெருகவில்லை. இடம் குறைவு என்பதற்காகப் பதிவு தராத படிப்பு பதிவு தருவதாகிவிடாது. கடனோடு திரும்பும் பிள்ளை, இங்கே அதே நுழைவுத் தேர்வு வரிசையில் மீண்டும் நிற்க வேண்டியிருக்கும். அறிவு வீண்போகுமா என்கிறார்கள். போகாது, ஆய்வுத் துறைக்குச் செல்வோருக்கும் அந்நாட்டிலேயே தங்கி முழுப் பாதையையும் கடக்கத் துணிந்தோருக்கும் வெளிநாட்டுப் படிப்பு நல்ல தேர்வே. உதவித்தொகையோடு முனைவர் ஆய்வுக்கு இடம் கிடைத்தால் நாங்களே வாழ்த்தி அனுப்புவோம். நெசவாளர் பிள்ளைகளின் கனவுக்கு வேலி போடுகிறீர்கள் என்ற குற்றச்சாட்டையும் கேட்கிறோம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தவறான படிப்பில் சேர்ந்தால் இன்னொன்றில் சேரலாம். நம் பிள்ளைக்குப் பெரும்பாலும் வாய்ப்பு ஒன்றுதான். அதனால்தான் விவரம் முழுமையாகத் தெரிய வேண்டும் என்கிறோம்.

எனவே எங்கள் கோரிக்கைகள் இவை. வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் முகவர்கள், அந்தப் படிப்பு எந்தப் பதிவேட்டுக்குத் தகுதி தரும் என்பதை எழுத்தில் தர வேண்டும். வெளிநாட்டுப் பட்டத்தோடு திரும்புவோர் பதிவு பெறத் தேவையானவற்றை மறுவாழ்வுக் கவுன்சில் தமிழிலும் விளக்கமாக வெளியிட வேண்டும். தமிழக அரசு, அரசு மருத்துவக் கல்லூரிகளில் குறைந்த கட்டணத்தில் மருத்துவ உளவியல் இடங்களைப் பெருக்க வேண்டும். பெற்றோர், முன்பணம் கட்டும் முன் எச்.சி.பி.சி., மறுவாழ்வுக் கவுன்சில் ஆகியவற்றின் இணையதளங்களில் அங்கீகாரப் பட்டியலைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்கு உதவி தேவைப்படும் எந்தக் குடும்பத்துக்கும் எங்கள் அமைப்பு கட்டணமின்றித் துணை நிற்கும்.