வாங்கில் இருந்த வீரர்



இம்முறை உதைபந்தாட்டம் பற்றி எழுதுகிறோம். எம்பாப்பே பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆகவே உங்களில் பலர் பெயரே கேட்டிராத ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் பெயர் விகாஷ் தொராசூ. அப்பா, மாமாமாரிடம் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கு நினைவிருக்கும்.

1973 ஒக்டோபர் 10ஆம் திகதி, லு ஹாவ்ர் துறைமுக நகருக்குப் பக்கத்தில் உள்ள ஆர்ஃப்லரில் பிறந்தவர். குடும்பம் மொரீசியசில் இருந்து வந்தது. இந்திய வம்சாவளி, தெலுங்கு வழி. தமிழர் அல்லர். ஆனாலும் அவர் லாச்சப்பலில் ஒரு கடைக்குள் நுழைந்தால் எங்கள் கடைக்காரர் தமிழில்தான் விலை சொல்லுவார். அப்படியொரு முகம் பிரான்ஸின் நீல உடையில் 18 தடவை ஆடியிருக்கிறது.

உயரம் 1.68 மீற்றர். முன்கள வீரர்களுக்குச் சற்றுப் பின்னால் நின்று அவர்களுக்குப் பந்தைப் பக்குவமாகக் கொடுப்பவர். கோல் போடுவதைவிடப் போட வைப்பதுதான் அவருடைய வேலை. சொந்த ஊர்க் கழகமான லு ஹாவ்ரில் தொடங்கி, 1998இல் லியோனுக்குப் போனார். இடையில் ஒரு பருவம் போர்தோவில் ஆடி, 2002இல் லீக் கிண்ணம் வென்றார். திரும்பி வந்து லியோனுடன் 2003, 2004 இரண்டு ஆண்டும் பிரான்ஸ் சம்பியன். 2004இல் இத்தாலியின் ஏ.சி. மிலான் அழைத்தது.

இனித்தான் நாம் சொல்ல வந்த விடயம். பதினான்கு மாதங்களுக்குள் அவர் மூன்று பெரிய இறுதியாட்டங்களைக் கண்டார்.

முதலாவது, 2005 மே 25, இஸ்தான்புல். ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் இறுதி. இடைவேளையின்போது மிலான் 3-0 என்று முன்னுக்கு நின்றது. லிவர்பூல் மூன்றையும் திருப்பிப் போட்டு, தண்ட உதையில் கிண்ணத்தைக் கொண்டுபோனது. தொராசூ ஆட்டம் முழுவதும் வாங்கில் இருந்தார்.

இரண்டாவது, 2006 ஏப்ரல் 29. அப்போது அவர் பரிஸ் சென் ஜெர்மன் வீரர். பிரான்ஸ் கிண்ண இறுதியில் எதிரணி மார்செய். இடம் ஸ்தாத் து பிரான்ஸ். நாம் கார் து நோரில் ரயில் ஏறினால் அடுத்த தரிப்பு. இடைவேளை முடிந்து சில நிமிடங்களில் தூரத்தில் இருந்து அவர் அடித்த பந்து வலைக்குள் போனது. பரிஸ் 2-1 என வென்றது. வெற்றியைத் தந்த கோல் அவருடையது.

மூன்றாவது, 2006 யூலை 9, பேர்லின். உலகக் கிண்ண இறுதி, இத்தாலிக்கு எதிராக. சிடான் சிவப்பு அட்டையோடு வெளியேறிய அதே ஆட்டம். அதிலும் தொராசூ வாங்கில்தான். அந்த உலகக் கிண்ணம் முழுவதிலும் சுவிற்சர்லாந்து, தென்கொரியா ஆகிய இரண்டு அணிகளுக்கு எதிராக, கடைசி நேரத்தில் மட்டும் இறக்கினார்கள். இரண்டையும் கூட்டினால் கால் மணித்தியாலமளவுதான் வரும்.

மூன்று இறுதிகள். ஒன்றில் வீரன், இரண்டில் பார்வையாளன். ஆள் ஒருவரே, கால்களும் அவைதான். பேர்லினில் இருந்த தொராசூவுக்கு ஸ்தாத் து பிரான்ஸில் கோல் அடித்தவரைவிடத் திறமை குறைந்துவிட்டதா? இரண்டரை மாதத்தில் அப்படிக் குறையாது. அன்றைய ஆட்டத்துக்கு யார் வேண்டும் என்று பயிற்சியாளர் எடுத்த முடிவு அது. அந்த முடிவு சரியாகவும் இருக்கலாம், பிழையாகவும் இருக்கலாம். ஆனால் அது ஓர் ஆட்டத்தைப் பற்றிய முடிவு. ஒரு மனிதனின் பெறுமதியைப் பற்றிய தீர்ப்பு அல்ல.

வலிக்கவில்லை என்று அவர் நடிக்கவுமில்லை. உலகக் கிண்ணத்துக்குச் சின்னச் சூப்பர் 8 கமரா ஒன்றைக் கொண்டுபோய், தன் காத்திருப்பைத் தானே படம்பிடித்தார். ஃபிரெட் பூலே என்பவருடன் சேர்ந்து உருவாக்கிய அந்தப் படம், 'மாற்று வீரர்' என்ற பொருள்தரும் பெயரோடு 2007இல் வந்தது. அணி முழுவதும் ஒரே குறியில் நிற்கும்போது ஒருவர் தன் வலியைப் படமாக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. உங்களுக்குள் பேசிப் பாருங்கள்.

அதன் பிறகு பாதை சறுக்கியது. 2006 ஒக்டோபரில், பயிற்சியாளருடன் ஏற்பட்ட முரண்பாட்டின் பின் பரிஸ் கழகம் அவரை நீக்கியது. கிண்ணத்தை வென்று கொடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அடுத்து இத்தாலியின் லிவோர்னோவுக்குப் போனார், அதுவும் நிலைக்கவில்லை. 2020இல் பரிஸ் நகரசபைத் தேர்தலில் எங்கள் 18ஆம் வட்டாரத்திலேயே வேட்பாளராக நின்றார். வெல்லவில்லை. ஆனால் வாங்கில் இருந்தவர் வீட்டுக்குள் முடங்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஏன் இதைச் சொல்கிறோம்? எங்கள் பிள்ளைகள் பலர் கழகங்களில் விளையாடுகிறார்கள். பதினான்கு, பதினைந்து வயதில் பலர் விட்டுவிடுகிறார்கள். படிப்பு ஒரு காரணம். இன்னொன்றை யாரும் வெளியே சொல்வதில்லை: இரண்டு, மூன்று கிழமை தொடர்ந்து வாங்கில் இருந்ததும், "நான் சரிவரமாட்டன்" என்று மனம் முடிவெடுத்துவிடுகிறது. கழகத்தில் மட்டுமல்ல, விரும்பிய பாடசாலை கிடைக்காதபோதும், வேலைக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வராதபோதும் அதே முடிவுதான்.

தம்பிமாரே, தங்கைமாரே, அந்த முடிவை எடுக்க அவசரப்படாதீர்கள். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். பயிற்சியாளரிடம் நேரே போய், "நான் எதைத் திருத்த வேண்டும்?" என்று கேளுங்கள். அடுத்த பயிற்சிக்குச் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு போங்கள். இறக்கும் அந்தக் கால் மணித்தியாலத்துக்கு ஆயத்தமாக இருப்பவர்தான் மாற்று வீரர்.

பெற்றோருக்கும் ஒரு சொல். "பந்து சோறு போடுமோ?" என்று கேட்கிறீர்கள், நியாயமான கேள்வி. ஆனால் பிள்ளை வீட்டுக்கு வரும்போது, "இண்டைக்கும் வாங்கிலயோ?" என்று சிரிக்காதீர்கள். அவனோ அவளோ அதை ஏற்கெனவே தொண்ணூறு நிமிடம் தன்னிடமே கேட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்கள். சாப்பாட்டைப் போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் இருங்கள். அது போதும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.